ஒட்டகச்சிவிங்கிக்கு ஓய்வு கொடுக்கலாம்

பள்ளியில் பரிணாமம் படித்த யாரிடமும் "இப்போ என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு படங்களைச் சொல்வார்கள். ஒன்று, குனிந்த குரங்கு மெல்ல மெல்ல நிமிர்ந்து மனிதனாகும் வரிசை. இன்னொன்று, கழுத்தை நீட்டி இலை தின்னும் ஒட்டகச்சிவிங்கி. முதல் படம் தப்பு என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் குறிப்பு இரண்டாவது படத்தைப் பற்றியது. என் கணக்கில் அதிகக் குழப்பம் செய்வது இதுதான். காரணம், இது சரியான பாடம் மாதிரியே தெரிகிறது.

படம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் லாமார்க். குட்டைக் கழுத்து விலங்கு எட்டி எட்டி இலை பறிக்கிறது, கழுத்து நீள்கிறது, நீண்ட கழுத்து குட்டிக்குப் போகிறது. மறுபக்கம் டார்வின். கூட்டத்தில் குட்டைக் கழுத்தும் உண்டு, நெட்டைக் கழுத்தும் உண்டு. பஞ்சம் வருகிறது, குட்டைக் கழுத்துகள் சாகின்றன, நெட்டைக் கழுத்துகள் பெருகுகின்றன. கீழே தீர்ப்பு: லாமார்க் தவறு, டார்வின் சரி. இரண்டு மதிப்பெண்.

இந்தப் படத்தின் மீது எனக்கு மூன்று புகார்கள். வரலாறு தப்பு. ஒட்டகச்சிவிங்கியின் கதை இன்னும் முடியவில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: இதைப் படித்து முழு மதிப்பெண் வாங்கியவரும், படிப்பதற்கு முன்னால் எப்படி யோசித்தாரோ அப்படியேதான் பிறகும் யோசிக்கிறார்.

யார் என்ன சொன்னார்கள்

லாமார்க் 1809-ல் வெளியிட்ட 'விலங்கியல் தத்துவம்' நூலில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கிடைத்த இடம் ஒரு சின்னப் பத்தி. அவர் வாழ்க்கை முழுக்க உழைத்தது முதுகெலும்பில்லாத உயிரினங்களோடு. அந்தப் பிரிவுக்கு அந்தப் பெயரை வைத்ததே அவர்தான். அவருடைய வாதத்தில் விலங்கு "ஆசைப்பட்டதால்" கழுத்து நீளவில்லை. சூழல் மாறினால் தேவை மாறும், தேவை மாறினால் பழக்கம் மாறும், பழக்கம் உறுப்பை மாற்றும் என்பதே அவர் போட்ட வரிசை. 'தேவை' என்பதை 'ஆசை' என்று திரித்ததில் அவருடைய சக விஞ்ஞானியும் எதிரியுமான கூவியேவுக்குப் பெரிய பங்கு உண்டு. லாமார்க் கண் தெரியாமல், வறுமையில், 1829-ல் இறந்தார். கூவியே அவருக்கு எழுதிய இரங்கலுரை 1832-ல் பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் வாசிக்கப்பட்டது. இரங்கலுரை என்று பெயர்தானே தவிர, அதில் கிண்டல் அதிகம். செத்தவர் பதில் சொல்ல முடியாது. கிண்டல் நிலைத்துவிட்டது.

பெற்றோர் வாழ்நாளில் அடைந்த மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்பதும் லாமார்க்கின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் நம்பிய விஷயம் அது.

இப்போது டார்வின் பக்கம் வருவோம். 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில் ஒட்டகச்சிவிங்கி உண்டு. ஆனால் அங்கே அவர் கவனித்தது அதன் வாலை. ஈ ஓட்டும் துடைப்பம் மாதிரியான ஒரு அற்ப உறுப்பு எப்படி இயற்கைத் தேர்வால் உருவாகியிருக்கும் என்பது கேள்வி. கழுத்தும் ஓரிடத்தில் வருகிறது: யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்பு எண்ணிக்கை ஒன்றுதான் என்பதற்காக. நம் கழுத்திலும் அதே ஏழுதான். ஆனால் கழுத்து ஏன் நீண்டது என்ற கதை அங்கே இல்லை.

அந்தக் கதையை லாமார்க்குக்கு எதிராக முதலில் நிறுத்தியவர் வாலஸ். 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் குறிப்புகளோடு சேர்த்து வாசிக்கப்பட்ட அவருடைய கட்டுரையில்தான், ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பறிக்க விரும்பிக் கழுத்தை நீட்டவில்லை, கழுத்து நீண்ட வகைகள் பஞ்சத்தில் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடித்தன என்ற வாதம் வருகிறது. பாடநூல் படத்தின் வலது பக்கத்தில் வாலஸ் பெயர் இருந்தால்தான் நியாயம்.

'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வின் கழுத்துக் கதைக்கு வந்தது 1872-ல், ஆறாம் பதிப்பில். அதுவும் தானாக வரவில்லை. முந்தைய ஆண்டு மிவார்ட் என்பவர் ஒரு நூல் எழுதி நல்ல கேள்விகள் கேட்டிருந்தார். உயரம் அவ்வளவு லாபம் என்றால் மற்ற குளம்பு விலங்குகளுக்கு ஏன் கழுத்து நீளவில்லை? உடம்பு பெரிதானால் தீனியும் அதிகம் வேண்டுமே, பஞ்சத்தில் அது பாதகம் ஆகாதா? டார்வின் புதிதாக ஒரு அத்தியாயமே சேர்த்துப் பதில் சொன்னார். இங்கிலாந்துப் புல்வெளி மரங்களைப் பாருங்கள், குதிரையும் மாடும் எட்டும் உயரம் வரை கீழ்க்கிளைகள் கத்தரித்த மாதிரி ஒரே மட்டத்தில் இருக்கும். அங்கே ஒரு ஆட்டுக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டு என்ன பயன் என்று கேட்டார். நல்ல பதில்.

அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இயற்கைத் தேர்வோடு கூட, உறுப்பை அதிகம் பயன்படுத்துவதால் வரும் மாற்றம் பரம்பரையாகப் போவதும் இதில் மிக முக்கியப் பங்கு வகித்திருக்கும் என்று டார்வின் எழுதுகிறார். அதாவது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை டார்வின் விளக்கிய அந்த இடத்திலேயே, லாமார்க்கின் பெயரில் நாம் அடித்துத் திருத்தும் கருத்தும் சேர்ந்தே இருக்கிறது! 1868-ல் அதற்கு ஒரு செயல்முறையையும் அவர் முன்வைத்திருந்தார். உடம்பின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை உதிர்க்கும், அவை இனப்பெருக்க உறுப்புகளில் சேரும் என்று.

ஆக, பாடநூல் நடத்தும் அந்தக் குத்துச்சண்டை நடக்கவே இல்லை. டார்வினின் சீடர்களில் ஒருவரான ஜெர்மானியர் வைஸ்மேன்தான் 1880-களில் அந்தக் கதவை மூடினார். எலிகளின் வாலை ஐந்து தலைமுறை வெட்டினார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுகூட வால் குட்டையாகப் பிறக்கவில்லை. அந்தச் சோதனையும் லாமார்க்கைத் தொடாது என்பது வேறு கதை. அவர் பேசியது பழக்கத்தைப் பற்றி. கத்தியால் வெட்டுவதைப் பற்றி இல்லை.

கழுத்து உண்மையிலேயே எதற்கு?

படத்தின் வலது பக்கம், "உயர இலைக்காகத்தான் கழுத்து" என்பதை நிரூபணமான உண்மை போலக் காட்டுகிறது. 1996-ல் சிம்மன்ஸ், ஷீப்பர்ஸ் என்ற இருவர் ஒரு சங்கடமான விஷயத்தை எழுதினார்கள். தீனி தட்டுப்படும் வறண்ட காலத்தில்தான் ஒட்டகச்சிவிங்கிகள் பல நேரம் தாழ்வான புதர்களில் மேய்கின்றன. அப்படியென்றால் கழுத்து எதற்கு? ஆண்கள் கழுத்தைச் சுழற்றித் தலையால் அடித்துச் சண்டை போடும். கனத்த கழுத்து ஜெயிக்கும், துணை கிடைக்கும். இலைக்காக இல்லை, இணைக்காக என்பது அவர்கள் வாதம்.

அதற்கு எதிர்வாதமும் உடனே வந்தது. சண்டைக்குத்தான் என்றால் பெண்ணுக்கு ஏன் அவ்வளவு நீளம்? 2007-ல் கேமரூன், டு டோயிட் இருவரும் தென்னாப்பிரிக்காவில் மரங்களைச் சுற்றி வேலி போட்டு, சின்ன விலங்குகளை விலக்கிப் பார்த்தார்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு உயரத்தில் ஒரு கடிக்கு அதிக இலை கிடைப்பதற்குக் காரணம், கீழே உள்ளதைச் சின்னவை தின்று தீர்ப்பதுதான் என்று தெரிந்தது. டார்வின் சொன்ன புல்வெளி மரத்தின் கதைதான், இந்த முறை அளந்து பார்த்தது. 2022-ல் வட சீனாவில் கிடைத்த ஒரு புதைபடிவம் மறுபடி சண்டைப் பக்கம் தராசைத் தட்டியது. சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய உறவுக்கார விலங்கு அது. கழுத்து நீளம் இல்லை. ஆனால் தலையால் மோதுவதற்கென்றே செய்த மாதிரியான மண்டையோடும் கழுத்தெலும்பும்.

இதில் யார் ஜெயித்தார்கள் என்று நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. இங்கே இருக்கும் பெரிய கேள்விதான் எனக்கு முக்கியம். ஒரு உறுப்பு இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதும், அது ஆரம்பத்தில் எதனால் உருவானது என்பதும் ஒரே கேள்வி இல்லை. மூக்கு இருக்கிறது, கண்ணாடி நிற்கிறது; அதற்காக மூக்கு கண்ணாடிக்காக வந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் கழுத்து, இறகு, கொம்பு என்று வந்தால் மட்டும் இந்த எச்சரிக்கை காணாமல் போய்விடுகிறது. எதைப் பார்த்தாலும் "இது இதுக்காக" என்று ஒரு கதை கட்டிவிடலாம். கதை பொருந்துவது சுலபம், அதைச் சோதிப்பதுதான் கஷ்டம். பாடநூல் படம் கதையைக் காட்டுகிறது, சோதனையைக் காட்டுவதில்லை.

'கொண்டது' என்ற வால்

மூன்றாவது புகாருக்கு வருகிறேன். இந்தப் பாடத்தைப் படித்து முடித்தவர்கள் பரிணாமத்தைப் பற்றித் தமிழில் எழுதும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பாலைவனத்தில் வாழ்வதற்கேற்ப ஒட்டகம் தன்னைத் தகவமைத்துக் கொண்டது." பத்திரிகையில், ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில், வாட்ஸ்அப் பகிர்வில், எல்லா இடத்திலும் இதே வாக்கியம்தான்.

இதில் செயலைச் செய்வது யார்? ஒட்டகம். 'கொள்' என்ற துணைவினை தமிழில் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். கற்றுக்கொள், பார்த்துக்கொள், காத்துக்கொள். தன் நன்மைக்காகத் தானே செய்வது. ஆக வாக்கியத்தின் இலக்கணத்திலேயே ஒட்டகம் தேவையை உணர்ந்து தன்னை மாற்றிவிட்டது. பரீட்சைத் தாளில் லாமார்க் தவறு என்று எழுதிய அதே கை, அடுத்த வரியில் லாமார்க்கை எழுதுகிறது. அவர்கூட இவ்வளவு நேரடியாகச் சொல்லவில்லை.

'பரிணாமம்' என்ற சொல்லுக்குள்ளேயும் ஒரு பழைய படம் இருக்கிறது. சாங்கிய தத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் பால் தயிராவது. முழுப் பாலும் சேர்ந்து இன்னொன்றாக மாறும். கூடவே 'வளர்ச்சி' என்ற வாலையும் ஒட்டிவிட்டோம். 'பரிணாம வளர்ச்சி' என்றதும் கீழேயிருந்து மேலே போவது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. குகைக்குள் வாழ்ந்து கண் இழந்த மீனுக்கும் அதே 'வளர்ச்சி'தானா?

டார்வினும் வாலஸும் சொன்ன மாற்றம் பால் தயிராவது போன்றதில்லை. அதற்கு நம்மிடம் பொருத்தமான உதாரணம் விதைநெல். ஒரு விவசாயி அறுவடையில் நல்ல கதிர்களாகப் பார்த்து அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கிறார். இருபது வருஷத்தில் அந்த வயலின் நெல் மாறியிருக்கும். ஆனால் எந்த நெல்மணியும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. முளைத்தது, விளைந்தது, அவ்வளவுதான். மாறியது வயலில் எந்த வகை எத்தனை பங்கு என்கிற விகிதம். இயற்கைத் தேர்வில் எடுத்துவைக்கும் அந்த விவசாயியும் கிடையாது. பிழைப்பும் பிள்ளைப்பேறும் தானாக அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. மரபியலாளர் லெவோன்டின் இந்த இரண்டு வகை மாற்றத்தையும் பிரித்துக் காட்டி, டார்வினின் உண்மையான புதுமை இதுதான் என்றார். ஒவ்வொன்றும் மாறுவதால் கூட்டம் மாறுவது ஒன்று. ஏற்கெனவே உள்ள வேறுபாடுகளின் பங்கு கூடிக் குறைவதால் கூட்டம் மாறுவது இன்னொன்று.

ஒட்டகச்சிவிங்கிப் படம் இதைச் சொல்லத்தான் வந்தது. ஆனால் பார்ப்பவர் மனதில் நிற்பது ஒரு விலங்கு, ஒரு கழுத்து, ஒரு உயரமான கிளை. கூட்டம் கண்ணில் படுவதில்லை.

"எனக்கு அந்த மாத்திரை பழகிடுச்சு"

சரி, இதனால யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் மருந்துக் கடையில் இருக்கிறது.

"அந்த ஆன்டிபயாடிக் எனக்குப் பழகிடுச்சு, கேட்கமாட்டேங்குது, வேற பவரா குடுங்க." இந்த வாக்கியத்தில் மாறியது யார்? 'நான்', என் உடம்பு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இந்தியா உட்பட 12 நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில் 76 சதவீதம் பேர், எதிர்ப்பு என்றால் உடம்பு மருந்துக்குப் பழகிவிடுவது என்றே நினைத்தார்கள். ஆகவே இது தமிழர்களின் குறை மட்டுமில்லை.

உடம்புதான் பழகிப்போனது என்றால் அது என் சொந்த விவகாரம். கொஞ்ச நாள் நிறுத்தினால் சரியாகிவிடும். நான் பாதியில் விட்டாலும், தேவையில்லாமல் சளிக்கு விழுங்கினாலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தேறியவர்கள் "கிருமி பழகிடுச்சு" என்பார்கள். அது பரவாயில்லை, ஆனால் இன்னும் பாலும் தயிரும்தான். உண்மையில் நடப்பது, கோடிக்கணக்கான கிருமிகளில் அந்த மருந்துக்குச் சாகாத ஒன்றிரண்டு, மருந்து வருவதற்கு முன்பே அங்கே இருப்பது. மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் காலி செய்து தருகிறது. அவை என்னிடமிருந்து என் பிள்ளைக்கும், ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலுக்கும் போகும்.

காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு மருந்து என்பதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஐசோனியசிட்டுக்குச் சாகாத கிருமி தோராயமாக 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது தோராயமாக 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் ஒரு குழியில் 10 கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஒரே மருந்து கொடுத்தால் தப்பிக்கும் ஆள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இரண்டுக்கும் சேர்த்துத் தப்பிக்கக்கூடியது, 1-க்குப் பின்னால் 14 சைபர் போட்ட எண்ணிக்கையில் ஒன்று. அவ்வளவு கிருமி ஒரு உடம்பில் இருக்காது. இது வெறும் பெருக்கல் கணக்கு. ஆனால் "முன்பே இருந்தது" என்பதை ஏற்றால்தான் இந்தக் கணக்கே போட முடியும். பாதியில் நிறுத்தினால், ஒரு மருந்தை மட்டும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் அப்போதுதான் புரியும்.

படத்துக்குப் பதில் ஒரு துணி

முன்பே இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? இதைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். என் யோசனை, ஒட்டகச்சிவிங்கியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இவர்களை ஏற்ற வேண்டும் என்பது.

1943-ல் அமெரிக்காவில் லூரியாவும் டெல்ப்ரூக்கும் பாக்டீரியாவை நிறையக் குழாய்களில் தனித்தனியாக வளர்த்து, பிறகு அவற்றைத் தாக்கும் வைரஸின் மேல் பரப்பினார்கள். வைரஸைப் பார்த்த பிறகுதான் பாக்டீரியா எதிர்ப்பைப் பெறுகிறது என்றால், எல்லாத் தட்டிலும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே மாதிரி வர வேண்டும். முன்பே தற்செயலாகத் தோன்றியிருந்தால், சில குழாயில் சீக்கிரமே தோன்றிப் பெருகி நூற்றுக்கணக்கில் இருக்கும், பலவற்றில் ஒன்றும் இருக்காது. இரண்டாவதுதான் நடந்தது. பல்கலைக்கழக விருந்தொன்றில் காசு போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தைப் பார்த்தபோதுதான் லூரியாவுக்கு இந்த யோசனை வந்ததாம். பெரும்பாலும் ஒன்றுமில்லை, எப்போதாவது கொட்டோ கொட்டென்று கொட்டும்.

அந்தக் கணிதம் பத்தாம் வகுப்புக்குக் கடினம் என்றால் 1952-ல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதி செய்தது இருக்கிறது. ஒரு தட்டில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. மருந்து கிடையாது. ஒரு கட்டையில் வெல்வெட் துணியைக் கட்டி, தட்டின் மேல் மெதுவாக ஒற்றி எடுக்கிறார்கள், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. அந்தத் துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த வேறு தட்டுகளில் ஒற்றுகிறார்கள். எல்லாத் தட்டிலும் அதே இடங்களில் சில பிழைக்கின்றன. இப்போது மூலத்தட்டுக்குத் திரும்பிப் போய் அந்த இடத்தில் இருப்பதை எடுத்து, மறுபடி வளர்த்து, மறுபடி ஒற்றி, படிப்படியாகப் பிரிக்கிறார்கள். கடைசியில் கையில் இருப்பது மருந்துக்குச் சாகாத பாக்டீரியா. அதன் முன்னோர் யாரும் அந்த மருந்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஒரு தட்டு, ஒரு துணி. இதில் தேவை எங்கே, முயற்சி எங்கே, ஆசை எங்கே? கதை கட்ட இடமே இல்லை.

விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றும். சில பாக்டீரியாக்கள் தாக்கிய வைரஸின் துண்டைத் தம் மரபணுத் தொகுதியில் சேமித்துச் சந்ததிக்கும் தரும்; கிறிஸ்பர் என்று இப்போது எல்லோரும் பேசுவது அதிலிருந்து வந்ததுதான். லாமார்க் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். மரபணுவின் மேல் படியும் வேதி அடையாளங்கள் தலைமுறை தாண்டுவதைப் பற்றியும் "லாமார்க் மீண்டார்" என்று அடிக்கடி தலைப்பு வருகிறது. ஆனால் பாலூட்டிகளில் அந்த அடையாளங்களில் பெரும்பகுதி ஒவ்வொரு தலைமுறையிலும் துடைக்கப்படுகிறது. தப்பித்து ஓரிரு தலைமுறை போகும் சிலவற்றை வைத்துக் கழுத்தை நீட்ட முடியாது. இவை சுவாரசியமான ஓரங்கள். ஓரத்தைப் பேச வேண்டுமென்றால் முதலில் நடுப்பகுதி புரிந்திருக்க வேண்டும்.

பாடநூல் எழுதுபவர்களுக்கு வேலை இவ்வளவுதான். லாமார்க்கை கேலிப்பொருள் ஆக்காமல் ஒரு பத்தி, வாலஸுக்கு அவர் பெயர், ஒட்டகச்சிவிங்கியை "இன்னும் விவாதத்தில் உள்ளது" என்ற பெட்டிக்குள், நடுவில் அந்த வெல்வெட் துணி. எழுதும் நமக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அடுத்த முறை "தகவமைத்துக் கொண்டது" என்று கை போகும்போது, "அப்படிப்பட்டவை அதிகம் பிழைத்தன, அதிகம் ஈன்றன" என்று எழுதிப் பார்க்கலாம். வாக்கியம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.